இரண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்த அக்காவுக்கு

அக்கா,

கள்ளக்குறிச்சியில் எங்கள் பேச்சுப் பயிற்சி மையம் இடம் மாறுகிறது. பழைய கோப்புகளைக் கட்டும்போது இன்று உங்கள் மகள் செல்வியின் முதல் பரிசோதனைத் தாள் கைக்கு வந்தது. 'குறைபாடு இல்லை. மலை வட்டாரப் பேச்சு.' என் கையெழுத்துதான். கட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தீர்கள். செல்விக்கு ஆறு வயது. "வார்த்த வருதுங்க, கோத்துப் பேச வரலீங்க" என்றீர்கள். ஒரு படத்தைக் காட்டினேன். "பொண்ணு... தண்ணி... போ" என்றாள். மலைப் பிள்ளைகளின் பேச்சையே குறை என்று எழுதிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்த காலம் அது. நான் அப்படி இல்லை என்ற பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில், "உங்க பேச்சு அப்படித்தானேக்கா, பயப்படாதீங்க, பள்ளிக்கூடம் போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடி வந்தீர்கள். கூடவே உங்கள் தங்கை மகள். செல்வியைவிட நாலு மாதம் சின்னவள்.

"ரெண்டும் ஒரே வூட்ல வளருதுங்க மேடம். இதையும் கேளுங்க, அதையும் கேளுங்க."

அதே படத்தை நீட்டினேன். தங்கை மகள் ஒரே மூச்சில் சொன்னாள்: "அந்தப் பொண்ணு தண்ணி மொண்டுக்கினு வூட்டுக்குப் போவுது. கொடம் ஓட்ட போல, ஒழுவுது பாரு." செல்வி வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தண்ணி... போ."

"எங்க பேச்சு அதுங்க" என்று தங்கை மகளைக் காட்டினீர்கள். "எம்பொண்ணுது எங்க பேச்சு இல்லீங்க. அதுக்கு இன்னாவோ கொற இருக்குது."

உங்கள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த ஒரு வருடமும் செல்வி வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாவது ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

வாரம் தவறாமல் அழைத்து வந்தீர்கள். உங்கள் பேச்சிலேயே அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். எனக்குத் தெரியாத சொற்களை நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் சில வாரங்கள் வரவில்லை. பிறகு செல்வியைக் கூட்டிக்கொண்டு உங்கள் தங்கை வந்தார். "மஞ்சக் காமாலங்க. அக்கா செத்துப் பூடுச்சு" என்றார். அன்று நான் செல்வியைப் பேச வைக்கவில்லை.

இன்றுவரை எந்தப் பிள்ளையையும் தனியாகக் கேட்டுவிட்டு நான் முடிவு எழுதுவதில்லை. அதே வீட்டிலோ தெருவிலோ வளரும் இன்னொரு பிள்ளையையும் அழைத்து வரச் சொல்கிறேன். இந்த முறையை எங்கே படித்தீர்கள் என்று மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கேட்டாள். உங்களைப் பற்றிச் சொன்னேன்.

செல்வி இப்போது எட்டாம் வகுப்பு. அவசரமாகப் பேசினால் இன்னும் சொல் சிக்கும். போன மாதம் நான் கேட்காமலே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "எங்கம்மா என்ன இட்டுக்கினு பஸ்ல வரும். ஒரு எடந்தான் கெடைக்கும். என்ன உக்கார வச்சிட்டு அது நின்னுக்கினே வரும்."

அத்தனை வாரமும் மலையிலிருந்து நின்றுகொண்டே வந்தீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அக்கா. உங்கள் மகள் சொல்லித் தெரியும்.