புதிய தீவில் கிழவன்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஸ்ரீராம்புரம் முழுக்கச் சேறு. தையல் கடையில் நாள் முழுதும் பிளவுஸ் ஹூக். விரல் நுனியில் எரிச்சல். ஒரு வாடிக்கையாளர்: "கேட்டா பதிலே இல்ல. வாயில என்னம்மா கொழுக்கட்டையா?" சிரித்து வைத்தேன்.
நான் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் புதிய தீவு வந்திருக்கிறது. தனியாக வாங்கி இறக்கிக்கொள்ள வேண்டும். அக்கா வாங்கித் தந்தாள். அவள் லேப்டாப்பில் இறங்குகிறது. மெதுவாக.

ஜூலை 8
திறந்ததும் 'தொடங்கு' என்று பெரிதாக. அழுத்தினேன். யாரோ ஒரு வாள்காரன், முதல் நிலையில். விளையாட்டில் என் ஆளான வைத்தியக் கிழவனைக் காணோம். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து நான் வளர்த்தவன். அழிந்தே போனான் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை.
அக்கா: "ஒரு பொம்மைக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

ஜூலை 9
எங்கள் குழுவில் மூவர். நான், நவீன், பிரேசர் டவுன் இர்ஃபான். இருவரும் ஹெட்போனில் பேசுவார்கள், நான் டைப் செய்வேன். மைக் கெட்டுப்போச்சு என்று பொய். என்னைப் பையன் என்று நினைக்கிறார்கள். கூப்பிடுவதே 'தாத்தா'.
கிழவனைக் காணோம் என்று எழுதினேன்.
இர்ஃபான்: "அரே தாத்தா, அது புது ஆளுங்களுக்கு. உன் பழைய 'சேவ்' ஃபைலத் திற. துறைமுகத்துல படகுக்காரன் இருப்பான், அவன்தான் தீவுக்குக் கூட்டிட்டுப் போவான்."
கிழவன் இருந்தான். அதே கிழிந்த அங்கி. கொஞ்ச நேரம் சும்மா நடக்கவிட்டேன். தூக்கத்தில் கண் சொக்கியது.

ஜூலை 13, ஞாயிறு
அரை நாள் கடை. முதுகு வலி.
மூவரும் தீவில். எங்கும் விஷப்புகை. யார் மேல் விஷம் ஏறுகிறது என்று வைத்தியனுக்கு மட்டும்தான் தெரியும். உடனே சொல்ல வேண்டும். டைப் செய்வதற்குள் நவீன் செத்தான். மறுபடியும் செத்தான்.
நவீனுக்கு எல்லோருமே 'குரு'தான். "ஏன் குரு, நீ எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்குக் காரியமே முடிஞ்சிடுது!"
இர்ஃபான்: "தப்பா நினைக்காத தாத்தா. இங்க மட்டும் பேசற வைத்தியர் யாரையாச்சும் சேத்துக்கலாமா?"
இவர்களை விட்டால் எனக்கு வேறு நண்பர்கள் இல்லை. அடுத்த புகை வந்தது. மைக்கைப் போட்டேன்.
"நவீன், விஷம். பின்னாடி வா."
நவீன் புகையிலேயே நின்றான்.
"தாத்தா... நீ பொண்ணா?"
"முதல்ல பின்னாடி வா."
வந்தான்.