கேட்டால் தரமாட்டேன்

2003 செப்டெம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கு இடியப்பம் வெள்ளெனவே முடிந்துவிட்டது. பூசை முடிந்து வந்தவர்கள் வாசலில் நின்று சண்டை. இவருக்கும் எடுத்து வைக்கவில்லை. "கட்டின புருசனுக்கு ரெண்டு இடியப்பம் இல்லையா" என்று கேட்டார். "காசு தாற ஆக்களுக்குத்தான் முதல்" என்றேன். ஹார்பரில் கிரேன் ஓட்டிப் பென்சன் எடுத்த ஸ்ரனிஸ்லாஸ், பாணைத் தின்றுவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மத்தியானம் மெட்ராசிலிருந்து றோஸி அக்கா கோல் எடுத்தா. முந்தி இதே கொட்டாஞ்சேனையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்து இந்தியாவுக்குப் போனவ. அவவின் மகன் றேமண்டுக்கும் எங்கள் அனற்றுக்கும் ஜனவரியில் அங்கே கலியாணம். போன வருசம் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு வந்து அனற்றைக் கண்ட பொடியன். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் என்று ஊரே கும்பிடுகிறது. எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததைத் தொலையப் பண்ணிவிட்டார்.

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம் மேபல். உன்ர பிள்ளைக்கு நீ விரும்பினதைச் செய்" என்றா றோஸி அக்கா. அனற் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

ஒண்டும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுத்தான் மீதியைச் சொல்வார்கள்.

செப்டெம்பர் 10, புதன்

மீதி இன்னும் வரவில்லை. மழை. மா காயவில்லை.

செப்டெம்பர் 16, செவ்வாய்

மீதி வந்துவிட்டது.

மெட்ராசிலிருந்து வந்த ஆளிடம் கவர் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அனுப்பியது ஹியூபேட், றோஸி அக்காவின் தம்பி. அங்கே ஒரு வக்கீலிடம் கிளாக். தமிழில் டைப் அடித்த தாள். தலைப்பு: "மணமகனுக்கு வழங்கப்பட்ட அன்பளிப்புகள்". கீழே றேமண்ட் சைன் வைக்க ஒரு கோடு, அனற் சைன் வைக்க ஒரு கோடு.

வழங்கப்பட்ட என்றால் கொடுத்து முடிந்தது. கலியாணத்துக்கு இன்னும் நாலு மாதம். நான் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை.

மோட்டார் சைக்கிள். பிரிஜ். உடுப்புக் கழுவுகிற மெஷின். கட்டில். கடைசியில், தங்கக் காப்பு ஒரு சோடி. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே பேச்சு - கொடுத்தவர்: மணமகளின் தாய். கொடுத்தவருக்குக் கட்டம் போட்டிருக்கிறார். கேட்டவருக்குக் கட்டம் போட மறந்துவிட்டார்.

கூடவே ஒரு துண்டுக் கடிதம். இந்தியாவில் வரதட்சணை குற்றமாம். அவர்கள் சட்டத்துக்குப் பயந்தவர்களாம். ஆகவே முறைப்படி அன்பளிப்பாகவே எழுதியிருக்கிறார்களாம். கையொப்பத்துடன் திருப்பி அனுப்பவும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடியக் கணக்குப் போட்டேன். இவ்வளவும் வாங்குவதென்றால் முன் அறையை விற்க வேண்டும். அந்த அறையில்தான் என் அடுப்பு இருக்கிறது.

"சைன் வைச்சு அனுப்புவமே அம்மா, சும்மா பேருக்குத்தானே" என்றாள் அனற்.

"பேருக்கு மோட்டார் சைக்கிள் ஓடுமோ?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டெம்பர் 18, வியாழன்

முஹம்மது சேர் இடியப்பம் எடுக்க வந்தார். புதுக்கடைக் கோட்டில் லோயர். தாளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இங்க சீதனம் குத்தமில்ல மேபலக்கா. குத்தமெண்டா நாட்டில பாதிப்பேர் உள்ளுக்குத்தான் ஈக்கோணும்."

"அங்க?"

"அங்கத்த சட்டம் எனக்குச் சரியாத் தெரியா. மெட்ராசில ஒரு கூட்டாளி ஈக்கிறார், கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஒண்டிலயும் சைன் வைக்காதீங்க."

சம்பல் கூடப் போட்டுக் கொடுத்தேன். லோயருக்கு நான் கொடுக்கிற பீஸ் அவ்வளவுதான்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னார், மறக்கமுதல் எழுதுகிறேன்.

ஒருவரும் கேட்காமல், கலியாணத்தில் மனம் விரும்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பு. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சீதனம். மாப்பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கமானதாக, கொடுக்கிறவரின் வசதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தாள் எழுதுவது உண்மைதான். ஆனால் ஒன்றில்லை, இரண்டு. பெண்ணுக்குக் கிடைத்தது பெண்ணின் தாளில். அந்தத் தாள் அவளுடைய கையில். மாப்பிள்ளைக்கு வேறு தாள். கலியாணத்தில் கிடைத்ததைப் பார்த்துத்தான் எழுதுவது. கிடைக்கப்போவதை முன்கூட்டி எழுதுவதில்லை.

"இன்னொண்டு" என்றார். "வாங்கினாலும் குத்தம், குடுத்தாலும் குத்தம்."

"அப்ப நானும் ஜெயிலுக்கா சேர்?"

"சட்டத்தில அப்படித்தான் ஈக்குது."

எவ்வளவு நல்ல சட்டம். இன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்புத்தான்.

செப்டெம்பர் 24, புதன்

வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போய் றோஸி அக்காவுக்குக் கோல் எடுத்தேன். அனற்றும் வந்தாள், நான் கண்டபடி கதைத்துவிடுவேன் என்ற பயத்தில்.

"மேபலு, நல்லா இருக்கியாம்மா?" - மெட்ராஸ் தமிழ்.

"எனக்குப் பயமாக் கிடக்கு றோஸி அக்கா."

"என்ன பயம்?"

"உங்கட பக்கத்தில கேட்டதைக் குடுத்தா குடுக்கிறவளுக்கும் ஜெயிலாம். இந்த வயசில நான் சாம்பாரும் சோறும் திண்டுகொண்டு கம்பிக்குள்ள இருக்கேலாது. இவருக்கு ஆர் தேத்தண்ணி ஊத்துறது?"

"ஆரடி கேட்டது? அன்பளிப்பெண்டுதானே எழுதிக் கிடக்கு." மெட்ராஸ் போய்க் கொட்டாஞ்சேனை வந்துவிட்டது.

"அன்பளிப்பெண்டா என்ர கையில இருந்து வரவேணும். இது உங்கட தம்பியின்ர டைப்ரைட்டரில இருந்தெல்லோ வருது."

"எனக்கு ஒரே மகன். ஆக்கள் என்ன கதைப்பினம், நீயே சொல்லு."

"சரி, ஆக்களுக்காகக் காப்பைப் பாப்பம். ஒரு சோடி எண்டு போட்டிருக்கு. என்னட்டக் கிடக்கிறது ஒண்டு. மற்றது உங்களிட்ட."



எண்பத்து மூன்றில், வீடு எரிந்த பிறகு அகதி முகாமில் போய்ப் பார்த்தபோது றோஸி அக்கா கட்டின சேலையோடு நின்றா. இடுப்பில் றேமண்ட். நான் ஒரு காப்பைக் கழற்றி அவவின் கைக்குள் வைத்தேன். மற்றதையும் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அப்போதே எனக்குத் தடித்த கை. அன்றிலிருந்து ஒற்றைக் காப்போடு திரிகிறேன். ஹியூபேட்டுக்கு எங்கே தெரியும்? அக்கா காப்பென்று சொல்லியிருப்பா, காப்பென்றால் சோடிதானே என்று அடித்துவிட்டார்.

"அது நீ தந்தது" என்றா, சின்னக் குரலில்.

"ஓம். நீங்கள் கேக்கேல்லை. நான் தந்தனான். ஒரு தாளிலயும் எழுதேல்லை. அதுக்குப் பேர்தான் அன்பளிப்பு அக்கா."

கோல் வெட்டுப்பட்டது. லைன் போனதா, அவ வைத்தாவா?

அவ வைத்துத்தான் இருப்பா.

செப்டெம்பர் 25, வியாழன்

அனற் என்னோடு கதைக்கவில்லை. மா குழைத்துத் தந்தாள், பிழிந்து தந்தாள், ஒரு சொல்லில்லை.

செப்டெம்பர் 27, சனி

இன்றைக்குக் கதைத்தாள். கதைக்காமல் இருந்திருக்கலாம்.

"உங்கட வாயால என்ர கலியாணம் போகப்போகுது அம்மா. றேமண்ட் மூண்டு நாளாக் கோல் எடுக்கேல்லை. உங்களுக்கு எல்லாம் பகிடி."

நான் என்ன பிழை சொன்னனான்? கேட்காமல் இருந்திருந்தால் கடன்பட்டாவது ஒரு பிரிஜ் வாங்கியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியாதா? கேட்டுப்போட்டு, கேக்கேல்லை எண்டு என்ர பிள்ளையிட்டயே சைன் வாங்கப் பாத்தா, அதுக்குத்தான் ஏலாது எண்டனான். இண்டைக்குச் சைன் வைச்சா, நாளைக்கு அவள் அந்த வீட்டில என்னத்தை என்ர எண்டு சொல்லுவாள்? ஒரு காப்பைக்கூடச் சொல்லேலாது.

அழுதேன் என்று எழுத மாட்டேன். வெங்காயம் உரித்தேன்.

"றோஸியிட்ட மன்னிப்புக் கேளன்" என்றார் இவர்.

"எதுக்கு?"

யோசித்துவிட்டு, "ஓம், கேட்டு வாங்கினா அதுவும் சீதனமாப் போயிடும்" என்றார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவர் விட்ட முதல் பகிடி. அந்த நேரம் பார்த்தா விடவேண்டும்?

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அனற் "வாங்கோ" என்றாள். கொமினிகேசனுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். றேமண்டின் வீட்டு நம்பரை அடித்தாள். அவனே எடுத்திருக்கிறான். கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் கதைத்தாள், நான் கேட்கவேண்டும் என்று.

"ரெண்டு தாளிலயும் நான் சைன் வைப்பன் றேமண்ட். கலியாணத்தண்டு, இருக்கிறதைப் பாத்து. இப்ப ஒண்டிலயும் வைக்கமாட்டன். மோட்டார் சைக்கிள் வேணுமெண்டா உங்கட சம்பளத்தில வாங்குங்கோ, பின்னுக்கு நான் இருக்கிறன். இல்லையெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் கலியாண உடுப்புக்கு அளவு குடுக்கேல்லை இன்னும்."

வெளியில் வந்து, "இப்ப சந்தோசமா?" என்றாள்.

கோல் காசைக் கட்டிவிட்டு, மிச்சம் வாங்காமலே வந்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

ஒக்டோபர் 11, சனி

ஒரு செய்தியும் இல்லை. அரிசி மா விலை கூட்டியிருக்கிறார்கள்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

றேமண்ட் எடுத்தான். முதலில் அனற்றோடு கனநேரம். அவளுடைய முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது, தேத்தண்ணிக்கு வெளிக்கிட்டேன். பிறகு என்னிடம் தந்தாள்.

"மாமி, அந்தத் தாள் எனக்குத் தெரியாமல் வந்தது. திருப்பி அனுப்ப வேண்டாம், கிழிச்சுப்போடுங்கோ."

"கிழிக்க எங்க இருக்கு தம்பி? அதிலதான் முந்தநாள் முஹம்மது சேருக்குச் சம்பல் சுத்திக் குடுத்தனான்."

சிரித்தான். அவனுடைய தாய் என்ன சொல்கிறா என்று கேட்டேன். "அம்மா கதைக்கிறா இல்லை" என்றான். ஹியூபேட் மாமா கோபித்துக்கொண்டு போனவராம், மத்தியானம் மீன் கறி என்றதும் திரும்பி வந்தாராம்.

2004 ஜனவரி 12, திங்கள்

நாளைக்குப் பயணம். சவர்க்காரம் போட்டு, தேங்காய் எண்ணெய் போட்டு, இவர் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் கத்த, காப்பு கழன்றது. கையில் வெள்ளையாக ஒரு வளையம். ஒருவரும் கேட்கவில்லை. அனற்றுக்கு நானே தருகிறேன்.

இடியப்ப உரலையும் தட்டுகளையும் பெட்டியில் வைத்துவிட்டேன். கலியாண வீட்டுக் காலைச் சாப்பாட்டை இட்லியிடம் விட மனமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு. மெட்ராஸ்

நேற்றுக் கலியாணம் நல்லபடி முடிந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹியூபேட் மேசையில் இரண்டு வெறுந்தாளை விரித்து, பேனையோடு குந்தினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் தாளில் முதலாவது: மணிக்கூடு, கொடுத்தவர் ஸ்ரனிஸ்லாஸ், உறவு மாமனார். பெண்ணின் தாளில் முதலாவது: தங்கக் காப்பு ஒன்று, கொடுத்தவர் மேபல், உறவு தாய். பிறகு வந்தவர்கள் தந்த கிண்ணங்களும் போர்வைகளும்.

எல்லாம் முடிகிற நேரம் றோஸி அக்கா வந்தா. இத்தனை நாளும் என்னோடு வேண்டிய அளவுக்குத்தான் கதைத்தவ. லேஞ்சித் துணி முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தா. என் மற்றக் காப்பு.



"விக்கத்தான் கொண்டு போனனான்" என்றா. "ரெண்டு தரம். ஒற்றைக் காப்புக்கு ஒருத்தனும் நல்ல விலை சொல்லேல்லை."

"எந்தத் தாள்ல எழுதுறது?" என்று ஹியூபேட் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. றோஸி அக்கா அனற்றின் தாளில் விரலை வைத்தா.

ஹியூபேட் "பழைய காப்பு" என்று எழுத வெளிக்கிட்டார். அதற்கு மட்டும் வாயைத் திறந்தேன். "காப்பு எண்டு எழுதுங்கோ, காணும்."

ஜனவரி 21, புதன். மெட்ராஸ்

நாளைக்குத் திரும்புகிறோம். காலையில் குசினியில் றோஸி அக்காவும் நானும் இடியப்பம் பிழிந்தோம். இங்கே எங்களுடைய மாதிரிப் பிரம்புத் தட்டு இல்லை, இட்லிச் சட்டியில் துணி விரித்து அவிக்கிறார்கள். அவ ஒரு தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"மேபல், இந்தத் தட்டு..."

"கேக்காதேங்கோ அக்கா" என்றேன். "கேட்டா தரேலாது."

முறைத்துப் பார்த்தா. பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டு தேங்காய் துருவினா.

பின்னேரம் பெட்டி கட்டினேன். தட்டுகளைக் கழுவி, அவவின் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்திருக்கிறேன். பெட்டியில் இடம் நிறைய இருக்கிறது.