கோட்டைக் கதவைத் திறந்தவன் பெயர் என் மகனுக்கு வேண்டாம்

அனுப்புநர்:
ம. முத்துமாரி,
க/பெ. மகாராஜன்,
கீழத் தெரு, சங்கரன்கோவில்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு. பிறப்பு, இறப்புப் பதிவாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
சங்கரன்கோவில்.

பொருள்: பெயர் மாற்றம் – ‘செந்தழல் கோட்டை’ திரைப்படத்தின் முதல் பாகத்தை நம்பி என் மகனுக்கு இடப்பட்ட பெயரை, மூன்றாம் பாகம் வெளிவருமுன் நீக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி படத்தின் முதல் பாகம், தீபாவளி 2021. 2. இரண்டாம் பாகம், தீபாவளி 2024. 3. என் மகனின் பிறப்புச் சான்றிதழ்.

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா,

நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒன்பது ஆண்டுகளாகத் தட்டச்சராக வேலை பார்த்து வருகிறேன். பட்டா, வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு என்று ஊரார் மனுக்களை எல்லாம் அடித்துக் கொடுத்த நான், என் பெயரில் எழுதும் முதல் மனு இதுவே. தங்கள் அலுவலகப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்துக்கு ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள். என் காரணம் இரண்டு பாகங்களும் ஆறு மணி நேரமும் கொண்டது. ஆகவே தனித்தாளில் சமர்ப்பிக்கிறேன்.

1. என் கணவர் மகாராஜன் புளியங்குடி சாலையில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். குடிப்பழக்கம் இல்லை. சீட்டாட்டம் இல்லை. அவருக்கு உள்ள ஒரே பழக்கம் செந்தழல் கோட்டை. முதல் பாகம் வெளியான அன்று தியேட்டர் வாசலில் நின்ற நாற்பதடிக் கட்அவுட்டின் தலையில் குடம் குடமாகப் பால் ஊற்றியவர்களில் அவரும் ஒருவர். அன்று எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் இல்லை. கட்அவுட் அட்டையால் ஆனது என்பதையும், அது ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதையும் பதிவுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அப்படத்தில் இடிவர்மன் என்றொரு தளபதி. எதிரிகளின் யானைகள் வெளியிலிருந்து முட்ட, கோட்டைக் கதவில் முதுகைக் கொடுத்து, தன்னந்தனியாக அவன் தாங்கி நிற்பான். ராஜா தப்பிக்கும் வரை தாங்குவான். கடைசியில் நின்றபடியே உயிரை விடுவான். அப்போது நான் எட்டு மாதக் கர்ப்பிணி. அந்தக் காட்சியில் முந்தானை நனைய அழுதேன். இதை மறைக்க விரும்பவில்லை. 2.12.2021 அன்று மகன் பிறந்து, நான் கரிவலம்வந்தநல்லூரில் என் தாய் வீட்டில் இருந்தபோது, என் கணவர் தங்கள் அலுவலக வாசலிலிருந்து போன் செய்து, “ஏட்டி, இடிவர்மன்னு வச்சிருவமா? உசுரு போனாலும் கதவ விடாதவன்லா?” என்று கேட்டார். “வைங்க” என்று சொன்னவள் நான்தான். எனவே இப்புகாரில் முதல் எதிரி படத் தயாரிப்பாளர், இரண்டாம் எதிரி என் கணவர், மூன்றாம் எதிரி மனுதாரராகிய நான்.

3. மூன்றாண்டுகள் என் மகன் அந்தப் பெயரோடு நலமாகவே இருந்தான். தடுப்பூசி போடும் செவிலியர் ஹெலன் மட்டும் ஒவ்வொரு முறையும் அட்டையைப் பார்த்துவிட்டு, “யம்மா, இடி வந்திருக்கா?” என்று கேட்பார். அது அன்பான கேலி. அதில் எனக்குப் புகார் இல்லை.

4. சென்ற தீபாவளிக்கு இரண்டாம் பாகம் வந்தது. மூன்று மணி பதினொரு நிமிடம் ஓடக்கூடியது. அதில், முதல் பாகத்தில் கதவைத் தாங்கிய இடிவர்மன் உண்மையில் கதவைத் தாங்கவே இல்லையாம். உள்தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவனே அவன்தானாம். தப்பிய ராஜா பிடிபட்டுச் செத்ததும் அதனால்தானாம். முதுகைக் கொடுத்து நின்றது, தாழ்ப்பாள் திறந்திருப்பது யார் கண்ணிலும் படாமல் மறைக்கவாம். போதாததற்கு ராஜாவின் தாய்க்கு விஷம் வைத்ததும் அவனேயாம். அரங்கில் எல்லோரும் விசில் அடித்தார்கள். என் கணவர் அடிக்கவில்லை. அவர் மடியில் இடிவர்மன் தூங்கிக்கொண்டிருந்தான்.

5. இந்தப் படங்கள் பார்க்கத் தகுந்தவையா என்று தாங்கள் என்னைக் கேட்கவில்லை. ஆயினும் மனுவுக்கு அது அவசியமாகிறது. முதல் பாகத்தில் நாற்பது நிமிடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அந்த நாற்பது நிமிடத்துக்காக யாரும் தாராளமாகப் போகலாம். பிள்ளையின் பெயரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மீதி நேரம் முழுக்க நடக்கிறார்கள். மெதுவாக நடக்கிறார்கள். கொஞ்சம் வேகமாக நடந்திருந்தால் இடைவேளைக்குள் நாங்கள் வீடு வந்து இட்லிக்கு மாவு ஆட்டியிருக்கலாம். இரண்டு பாகங்களிலும் சேர்த்து மகாராணிக்கு நான்கு வசனம், அதில் மூன்று “போகாதீர்கள்.” அவர்கள் போகிறார்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் சாகிறார்கள். ஒருவருக்கும் பெயர் கிடையாது. அவர்களில் ஒருவன் பெயரை வைத்திருந்தால் நான் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். கதை முதல் பாகத்திலேயே முடிந்துவிட்டது, ஐயா. வியாபாரம் முடியவில்லை. அதனால் செத்தவனை எழுப்பி, நல்லவனைக் கெட்டவனாக்கினார்கள். அவர்களுக்கு அது ஒரு திருப்பம். எங்களுக்கு அது பிறப்புச் சான்றிதழ்.

6. அன்று முதல் என் மகனுக்குத் தெருவில் வேறு வாழ்க்கை. டீக்கடை செல்வமணி நல்ல மனிதர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. பையனைக் கண்டதும், “ஏலே, வீட்டுக் கதவெல்லாம் பூட்டிக்கிடுங்க, இடிவர்மன் வாரான்!” என்பார். டீ குடிப்பவர்கள் சிரிப்பார்கள். “நீ கதவத் தொறந்துதாம்லே ராஜா செத்தாரு” என்று ஒருநாள் விளக்கமாகவும் சொல்லியிருக்கிறார். விளையாட்டில் மற்றப் பிள்ளைகள் இவனைக் கோட்டைக்குள் சேர்ப்பதில்லை. மூன்றே வயதுப் பிள்ளைக்குப் படம் வேறு, தான் வேறு என்று எப்படித் தெரியும்? முப்பத்தாறு வயது அப்பாவுக்கே தெரியவில்லை.

ஏனெனில் என் கணவர் அதற்குள் ஒரு விளக்கம் கண்டுபிடித்திருந்தார். “அது இடிவர்மனே கெடையாது. அவன மாதிரி வேசம் போட்டவன். மூணாம் பாகத்துல சொல்லுவாங்க பாரு” என்றார். அதற்கு ஆதாரமாக, முதல் பாகத்தில் மச்சம் இடக்கன்னம், இரண்டாம் பாகத்தில் வலக்கன்னம் என்றார். ஒப்பனைக்காரர் மறந்திருப்பார் என்றேன். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. பெயரை மாற்றலாம் என்று நான் சொன்ன போதெல்லாம் அவர் பதில் ஒன்றே: “மூணாம் பாகம் வரட்டும்.” மூன்றாம் பாகமோ மூன்று முறை தள்ளிப்போய்விட்டது.

7. இனி, நான் இம்மனுவை எழுத நேர்ந்த சம்பவம். 12.04.2025, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. காய்ந்த துணிகளை எடுக்க வாசலுக்கு வந்தேன். பின்னால் கதவு சாத்தும் சத்தமும், கீழ்த்தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன. தட்டினேன். உள்ளிருந்து பதில் வந்தது: “தொறக்க மாட்டேன்.”

“மக்கா, அம்மா வெளிய நிக்கேன்லா. தொறடா.”

“மாட்டேன். தொறந்தா ராஜா செத்துப்போவாரு. செல்வமணி மாமா சொன்னாவ.”

கெஞ்சினேன். அதட்டினேன். மிட்டாய் தருவதாகவும் சொன்னேன். அரைமணி நேரம் ஆயிற்று. ஜன்னல் வழியாகத் தீய்ந்த வாடையும், அதைத் தொடர்ந்து புகையும் வந்தன. ஜன்னலில் கம்பி, கை மட்டும்தான் நுழையும். என் கணவருக்கு ஏழு முறை போன் செய்தேன். மூன்றாம் பாகத்தின் தேதி அன்றுதான் அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் தியேட்டர் வாசலில் மேளத்துக்கு நடுவே பேனர் கட்டிக்கொண்டிருந்ததால் ஏழு முறையும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆபிதா பானு கடப்பாரையோடு ஓடி வந்தார். இரண்டு இடி இடித்தார். உள்ளே குழந்தை, “யானை வருது! யானை வருது!” என்று வீறிட்டான். நான் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐயா, என் மகன் கதவில் முதுகை வைத்து, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கி நின்றான். தியேட்டரில் எந்தக் காட்சிக்கு அழுதேனோ, அதே காட்சி. அவன் பின்னால் புகை. இம்முறை அழுகை வரவில்லை. ஆபிதா பானுவை நிறுத்தச் சொன்னேன். இன்னும் ஓர் இடி விழுந்திருந்தால் கதவோடு சேர்ந்து பிள்ளையும் விழுந்திருப்பான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். “மக்கா, யானையெல்லாம் போயிட்டு. உள்ள ராஜாவுக்குப் பசி. நாலு நாளா ஒண்ணும் சாப்பிடல. அவரு அம்மா சோத்துச் சட்டியோட வெளிய நிக்கா. கதவு பூட்டியிருக்கு. அவளால உள்ள வர முடியல.”

அவன் கொஞ்ச நேரம் இருமினான். அப்புறம் கேட்டான்: “ராஜாம்மா செத்துட்டால்லா?”

“இல்ல. அது சும்மா சொன்னது. யாரும் சாகல.”

“என்ன சோறு?”

“பருப்புச் சோறு. சீக்கிரம் தொறக்கலேன்னா தீஞ்சு போயிரும். இடிவர்மன் தொறந்தாத்தான் ராஜா சாப்பிட முடியும்.”

தாழ்ப்பாள் விலகியது. ஆபிதா பானு உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் பாகத்தை நான் சொல்லி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அதில் யாரும் மெதுவாக நடக்கவில்லை.

8. என் கணவர் ஒரு மணிக்கு வந்தார். முகமெல்லாம் கலர்ப்பொடி. கதவில் கடப்பாரைக் குழி, சுவரில் கரி, என் தோளில் பிள்ளை. ஆபிதா பானு, “அண்ணே, மூணாம் பாகம் இங்கன ஓடி முடிஞ்சிட்டு. உங்களத்தான் காணல” என்றார். என் கணவர் பிள்ளையிடம் கையை நீட்டினார். அவன், “நான் தொறந்துட்டேம்பா. அடிக்காதீங்க” என்றான். எங்கள் வீட்டில் பிள்ளையை யாரும் அடிப்பதில்லை. என் கணவர் அப்படியே நடையில் உட்கார்ந்து, கலர்ப்பொடி முகத்தை லுங்கியில் மூடிக்கொண்டார். பிற்பாடு செல்வமணியும் வந்து, “தெரியாமச் சொல்லிட்டேன் தங்கச்சி” என்று இருமுறை சொல்லிவிட்டுப் போனார். அவர் மீது நடவடிக்கை எதுவும் கோரவில்லை.

9. பெயர் மாற்றத்துக்கு என் கணவர் சம்மதித்துவிட்டார். ஆனால் முதலில் அவர் எழுதிக் கொடுத்த மூன்று பெயர்களையும் விசாரித்ததில், மூன்றுமே இன்னும் பாகங்கள் முடியாத வேறு படங்களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஆகவே நிராகரித்தேன். முடிவில் என் மாமனார் ஆவுடையப்பன் பெயரை இருவரும் ஏற்றுக்கொண்டோம். அவர் வயல்வேலை பார்த்தவர். காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இனி அவர் எந்தக் கதவையும் திறந்து யாருக்கும் துரோகம் செய்ய வாய்ப்பில்லை.

10. ஓர் எழுத்துப் பிழை என்றால் திருத்தம் எளிது, முழுப் பெயரும் என்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும் என்பதைத் தொழில்முறையில் நான் அறிவேன். என் மகன் பெயரில் ஆறு எழுத்தும் பிழை. எந்த வழியானாலும் அலையத் தயார். வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தினமும் உரக்கக் கூப்பிடுவார்கள். அதோடு, மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியாகிறது. அதில் இடிவர்மன் நல்லவனாகத் தலைகாட்டினால் என் கணவரின் சம்மதம் என்ன ஆகும் என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆகவே வியாழனுக்குள் இம்மனுவுக்கு எண் இட்டு, ஒப்புகைச் சீட்டு வழங்கி, மேல் நடவடிக்கைக்கு வழிகாட்டும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

11. கடைசியாக ஒன்று. நேற்று மாலை பழக்குவதற்காக, “ஆவுடையப்பா” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் மகன் திரும்பி, அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடினான். அது நீதான் என்று சொன்னேன். “அவன் நல்லவனாம்மா, கெட்டவனா?” என்று கேட்டான்.

“இன்னும் யாருக்கும் தெரியாது மக்கா. நீ இருந்துதான் காட்டணும்” என்றேன்.

அவன் இருந்து காட்ட, தாங்கள் அந்தப் பெயரை அளித்து உதவுவீர்கள் என நம்புகிறேன்.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 28.04.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ம. முத்துமாரி

இணைப்பு:
1. பிறப்புச் சான்றிதழ் நகல்.
2. என் கணவர் மகாராஜனின் சம்மதக் கடிதம். (கடைசி வரியில் ‘மூன்றாம் பாகம் எப்படி இருந்தாலும்’ என்ற சொற்கள் அவரே தம் கையால் எழுதிச் சேர்த்தவை.)