நூற்றெட்டு சென்டிமீட்டர் உயரம்

ஜூன் 4, செவ்வாய்

பயிற்சியின் இரண்டாவது வகுப்பு. காலை ஏழு மணிக்கே தலை வாரி, அலுவலகச் சட்டை போட்டுக்கொண்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். இடுப்புக்குக் கீழே வீட்டுத் துணிதான். அது யாருக்கும் தெரியாது. மணிலாவிலிருந்து டாக்டர் லிகாயா பாடம் நடத்துகிறார். சாலைப் பாதுகாப்புத் தணிக்கை. விபத்து நடந்த பிறகு யார் மேல் தப்பு என்று தேடாமல், நடப்பதற்கு முன்பே சாலையின் தப்பைக் கண்டுபிடிப்பது. கடைசியில் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஓர் இடத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும்.

ஏழு நாடுகளிலிருந்து முப்பத்தொரு பேர். முகம் காட்டுவது நான் ஒருத்திதான். மற்றதெல்லாம் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டார். பதில் இல்லை. நான் "இருக்கேன்" என்றேன். இந்த வீட்டில் அப்படிச் சத்தமாகச் சொல்லி எத்தனை நாளாகிறது?

ஜூன் 11, செவ்வாய்

இன்று எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துத் தனித்தனி அறைகளில் விட்டார்கள். அறை என்றால் திரையில்தான். எனக்கு வாய்த்தவர் ஹெருமான், சுராபாயா. கறுப்புக் கட்டம். வணக்கம் சொன்னேன். சத்தமில்லை. கேள்வியை வாசித்தேன். சத்தமில்லை. பத்து நிமிடத்தை என்ன செய்வது? எங்கள் மலைச்சாலை பற்றிச் சொன்னேன், மழை பற்றிச் சொன்னேன், காலையில் ஒட்டும் அரிசிச் சோறும் பச்சை மிளகாய்த் துவையலும் சாப்பிட்டதைக்கூடச் சொன்னேன்.

முடிந்ததும் முகம் சுட்டது. நாற்பத்தாறு வயதில் ஒரு பெயரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

வளைவுக்குப் போய்வந்தேன். என் கணவன் தவத் அங்கே விபத்தில் போனது ஒரு புதன்கிழமை. ஆறு வருடமாகப் புதன்கிழமைகளில் அலுவலகம் முடிந்ததும் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்விட்டு வருகிறேன். அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான், எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டி. அவ்வளவுதான், வேறு கதை இல்லை.

நுவன் அக்கா அங்கே கடை வைத்திருக்கிறாள். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவள்.

"வா வா, என்ஜினியரம்மா. புருஷனப் பாக்க வந்தியா, என்னப் பாக்க வந்தியா?"

"காபி குடிக்க வந்தேன்."

"பொய் சொல்லாத. என் காபிக்காகப் பன்னெண்டு கிலோமீட்டர் வர்ற அளவுக்கு எவளுக்கும் நாக்கு செத்துப்போகல."

தவத் இறந்த நூறாவது நாளில் நான் ஒரு ஜோடி சிமென்ட் வரிக்குதிரைகளை அங்கே வைத்தேன். விபத்து நடந்த இடத்துச் சாமிக்கு இப்படி வைப்பது இங்கே வழக்கம். நான் படித்தவள்தான். ஆனால் அன்று எதையாவது வைக்காமல் திரும்ப முடியவில்லை. அதற்கு முன் அங்கே வெறும் புல். பிறகு யாரோ இன்னொரு ஜோடி வைத்தார்கள். ஊர் சேர்ந்து ஒரு சிறு கோயில் கட்டியது. இப்போது வரிக்குதிரைகள் நூற்றுக்கும் மேல். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், போன வருடம் ஒரு லாரி முதலாளி வைத்த ஆளுயர ஜோடி. அடியில் காணிக்கையாகச் சிவப்பு சோடாப் புட்டிகள், உறிஞ்சு குழலோடு. போகிற வண்டியெல்லாம் மூன்று முறை ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறது. நுவன் அக்காவும் காபியை விடப் பொம்மைகள்தான் அதிகம் விற்கிறாள்.

"நீ வெச்ச மொத ஜோடிதான் தங்கச்சி என் பொழப்பு," என்று இன்றும் சொன்னாள். எப்போதும் சொல்வதுதான்.

ஜூன் 25, செவ்வாய்

இன்றைய பாடம் பார்வைத் தூரம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் ஆபத்தைப் பார்த்து நிறுத்த எண்பத்தைந்து மீட்டர் வேண்டும். வளைவின் உட்புறத்தில் சுவரோ புதரோ இருந்தால் அந்தத் தூரம் குறையும். அளக்கும்போது ஓட்டுநரின் கண் தரையிலிருந்து நூற்றெட்டு சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நூற்றெட்டு. ஜபமாலையில் மணிகளும் அத்தனைதான். சிரிப்பு வந்தது.

பிறகு வரவில்லை. வளைவின் உட்புறம் என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. வரிக்குதிரைகள் நிற்பதும் அங்கேதான்.

ஜூன் 28, வெள்ளி

அறிக்கைக்கு எந்த இடம் என்று எங்கள் சாலைத்துறை அலுவலகத் தலைவர் விரோஜ் கேட்டார். என்னைவிட மூன்று வயது சின்னவர். "அந்த வளைவையே எடுங்க, சுமாலி மேடம். மேலிடத்துல ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. உங்க சான்றிதழோட அறிக்கை போனா வேலைக்குப் பணம் ஒதுக்குவாங்க," என்றார்.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூலை 6, சனி

அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூரத்தில் கம்பைப் பிடித்து நிற்க, இன்னொருவர் இந்தப் பக்கம் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பாடத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர். சனிக்கிழமையன்று யாரைக் கூப்பிடுவேன்?

நுவன் அக்காவைக் கேட்டேன்.

"நானா? சர்க்கார் வேலையா?" ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உடனே வந்துவிட்டாள். என் மஞ்சள் மேலங்கியைப் போட்டுவிட்டேன். பொத்தான் பூட்ட முடியவில்லை. "உங்க ஆபீஸ்ல எல்லாரும் பட்டினியா? இதென்ன அளவு?" என்று திட்டிக்கொண்டே கம்பைப் பிடித்து நின்றாள், கொடி பிடித்தவள் மாதிரி. நான் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை நூற்றெட்டில் வைத்து, அவளைப் பின்னால் போகச் சொன்னேன். இன்னும். இன்னும் கொஞ்சம்.

நாற்பத்தொரு மீட்டரில் வரிக்குதிரைகளுக்குப் பின்னால் மறைந்துபோனாள்.

ஐந்து தடவை அளந்தேன். நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று.

"என்ன, பாஸா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

பாஸ் என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

பாஸ் என்றேனே. எப்படி வாய் வந்தது எனக்கு?

ஜூலை 9, செவ்வாய்

வகுப்புக்குப் பிறகு விபத்துப் பதிவேட்டை எடுத்தேன். தவத்துக்கு முந்திய ஆறு வருடத்தில் மூன்று விபத்து, ஓர் உயிர். அவனுக்குப் பிந்திய ஆறு வருடத்தில் பதினொரு விபத்து, நான்கு உயிர். வாகனங்களும் பெருகியிருக்கின்றன, அதையும் கழித்துப் பார்த்தேன். கழித்தாலும் மிச்சம் இருக்கிறது.

தவத்தை நான் கொல்லவில்லை. அவனுக்கு அப்புறம்?

ஒரு ஜோடிதானே. முழங்கால் உயரம்தானே. அது யாரை மறைக்கும்? மறைக்காதுதான். ஆனா ஆரம்பிச்சது யாரு?

ஜூலை 17, புதன்

வளைவுக்குப் போகவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. வீட்டில் துணி மடித்தேன். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணி.

ஜூலை 23, செவ்வாய்

இன்று டாக்டர் லிகாயாவோடு தனியாகப் பதினைந்து நிமிடம். வளைவின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன சுமாலி, சாலையா, மிருகக்காட்சி சாலையா? ஏன் வரிக்குதிரை?"

நுவன் அக்கா சொல்வதைச் சொன்னேன். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தானே வண்டி நிற்க வேண்டும்? இதற்கு உடம்பெல்லாம் கோடு.

சிரித்தார். அளவுகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கோயிலை எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று நான் இழுத்தேன். அவர் கறாராகத்தான் பேசினார். "கண்ணு உயரத்துல என்ன இருக்கோ அத எழுதுங்க. யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்கன்னு சாலைக்குத் தெரியாது."

சாலைக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. அவரிடம் சொல்ல வாய் எடுத்தேன். நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

விரோஜ் வரைவைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா," என்றார். அக்கா என்று கூப்பிட்டால் அவருக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். "புதர எழுதுங்க. பலகைய எழுதுங்க. வழுக்குதுன்னு எழுதுங்க. சாமிய மட்டும் எழுதாதீங்க. நானே அங்க கும்பிடாமப் போறதில்ல."

"கையை ஸ்டியரிங்லருந்து எடுத்தா?"

"பின்ன கால்லயா கும்பிடுவாங்க?"

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊர் ஒத்துக்கிட்டா நான் கையெழுத்து போடறேன். இல்லன்னா கோயில் பத்தின பக்கத்த எடுத்துடுங்க. திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அந்த ஊரில் கோயிலைப் பார்த்துக்கொள்வது நுவன் அக்கா. அவள் சரி என்றால்தான் ஊர் சரி என்னும்.

ஆகஸ்ட் 3, சனி

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நாற்பத்தொரு மீட்டர், பதினொரு விபத்து, பாஸ் என்று சொன்ன பொய்.

அக்கா கடையிலிருந்த என் காபிக் கோப்பையை எடுத்து, பாதி குடித்திருந்ததை அப்படியே வெளியே ஊற்றினாள். பிறகு ஆரம்பித்தாள்.

"எங்கையிலயே கம்பக் குடுத்து என் கடைக்கே குழி தோண்ட வெச்சியாடி? மேலங்கி வேற மாட்டி விட்ட! ஊரெல்லாம் போய்ச் சொன்னேன், சர்க்கார் வேல பார்த்தேன்னு!"

மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்கு ஏறவில்லை. "ஒம் புருஷனுக்கு வெச்சத நீயே பிடுங்குவியா? நெஞ்சு வருமா?" என்றாள். வராதுதான். வராதுன்னுதானே ஒரு மாசமா செத்துச் செத்துப் பொழைக்கிறேன் —

முக்காலியைத் தூக்கிப்போய்ச் சாலையோரம் அதே குறியில் போட்டேன். "நீங்க உட்காருங்க அக்கா. இந்தத் தடவ நான் கம்பப் பிடிக்கறேன்." வரமாட்டாள் என்று நினைத்தேன். முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கண் உயரத்தை நாடாவால் சரிபார்த்தேன். கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். இருபது. முப்பது. அவள் முகம் தெரிந்துகொண்டிருந்தது, கடுகடுவென்று. நாற்பது. நாற்பத்தொன்றில் அந்த ஆளுயர ஜோடி எங்களுக்கு நடுவில் வந்துவிட்டது. நான் நின்றேன். தூறல் போட ஆரம்பித்தது.

பிறகு அவள் குரல் மட்டும் வந்தது.

"சுமாலி? எங்க போன?"

"இங்கதான் அக்கா இருக்கேன்."

"தெரியலயே."

"நடுரோட்டுலதான் நிக்கறேன்."

"ஓரமா வாடி!" என்று அலறினாள். "வண்டி வந்துடப் போவுது, ஓரமா வா!"

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கடைக்குள் போய்த் தார்ப்பாயை இறக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நுவன் அக்காவிடமிருந்து தொலைபேசி. "எனக்குக் கோவம் போகல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மேல அந்தப் பழைய கல் கொட்டற இடம் இருக்கே, வெளிப்பக்கம், வண்டி நிறுத்த எடம் உண்டா அங்க?"

நாலு வண்டி நிற்கும் என்றேன்.

"ஆறு நிக்கணும்," என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோயில் பற்றிய பதினேழாம் பக்கத்தை எடுக்கவில்லை. கோயிலை மேலே மாற்ற நுவன் அக்கா ஒத்துக்கொண்டாள் என்றதும் விரோஜ் கையெழுத்திட்டார். அறிக்கை போய்விட்டது. முதல் வரிக்குதிரைகளை வைத்தது யார் என்று அதில் இல்லை. அதைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடைசி வகுப்பு. எல்லாரும் முகம் காட்ட வேண்டும் என்றார் டாக்டர் லிகாயா. கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவர் பேருந்தில், ஒருத்தி குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டு. ஹெருமானுக்கு மீசை இருக்கிறது. தார் போடும் இடத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

"சுமாலி அக்கா, அன்னிக்கு என் மைக் வேல செய்யல. நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். அந்தப் பச்ச மிளகாய்த் துவையல் — மிளகாயச் சுட்டு அரைக்கணுமா, பச்சையாவா?"

சுட்டு, என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

பிக்குகளின் மழைக்கால நோன்பு முடியும்வரை சாமியை நகர்த்தக் கூடாது என்று பூஜை செய்பவர் சொல்லிவிட்டார். அதுவரை இரண்டு பக்கமும் தற்காலிகப் பலகைகள் வைத்திருக்கிறோம். தொலைபேசி அடித்தால், இன்னொரு விபத்தோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன். நுவன் அக்கா காபி கொடுக்கிறாள், பேசுவதில்லை.

அக்டோபர் 24, வியாழன்

இன்று கோயிலை மாற்றினார்கள். ஊர் முழுக்க வந்தது. வரிக்குதிரைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி மேலே கொண்டுபோனோம். உடைந்ததையெல்லாம் ஊர்ப் பெரிய கோயிலின் அரசமரத்தடிக்கு அனுப்பினார்கள். என் ஜோடியை நானே தேடி எடுத்தேன். புல்லுக்குள் புதைந்து கிடந்தன, ஒன்றுக்குக் காது இல்லை. இப்படி வைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கமில்லை. நான் கேட்கவும் இல்லை. நுவன் அக்கா ஒன்றை வாங்கிக்கொண்டாள். "கனமா இருக்கும், குடு." இருவருமாக அரசமரத்தடியில் இறக்கி வைத்தோம்.

"அவன் எங்கயும் போகல," என்றாள். பிறகு, "இன்னும் கோவம் போகல," என்றாள்.

நவம்பர் 13, புதன்

வளைவில் நிறுத்தவில்லை. நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை, வெட்டிய புல்தான். எதிரே வந்த முட்டைக்கோஸ் லாரியை வளைவுக்கு வெகு முன்பே பார்த்தேன். ஓட்டுநர் முகம்கூடத் தெரிந்தது, மெலிந்த ஆள், வெற்றிலை மென்றுகொண்டு. என் கை ஹாரன் பக்கம் போகப் பார்த்தது. அவர் கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. நானும் கையை எடுக்கவில்லை.