குடும்ப நோய்: இல்லை

மார்ச் 3
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினான்கு வருடம்.

தங்கை போன் செய்தாள். அண்ணன் மகள் முழுகாமல் இருக்கிறாளாம். பதினேழாம் தேதி முதல் பரிசோதனை. நிரப்பிக் கொண்டுவரச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா என்று ஒரு கேள்வி. அந்தப் பெண் தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

"அண்ணன் என்ன சொன்னாராம்?"

"இல்லன்னு போடும்மான்னாராம்."

இல்லையா? என் மகன் ஆறு வயதுவரை மாதாமாதம் யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிக்கொண்டு கிடந்தது எந்தக் குடும்பத்தில்?

மார்ச் 5
அண்ணனுக்குப் போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அவர் மகளின் எண்ணைத் தங்கையிடம் கேட்டேன். "என்னை நடுவுல இழுக்காதண்ணா. எனக்கும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது." எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

மார்ச் 8
அண்ணன் மகளுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். பையன் போன அன்று வாசலில் நின்று, "எங்க பக்கம் இப்படி எதுவும் கிடையாது, இது பொண்ணு வீட்டு ரத்தம்" என்று அண்ணன் சொன்னதிலிருந்து ஒன்று விடாமல்.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"இது அந்தப் பொண்ணுக்கா, உங்க அண்ணனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாதான் பிள்ளைக்கு இப்படி வரும்னு காலேஜ்ல பாடம் எடுக்கறீங்க. அன்னிக்கு அவர் என்னைச் சொன்னப்போ நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க."

சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நின்னேன். ஆமா, நின்னேன். எல்லாம் தெரிஞ்சும் கேட்டுக்கிட்டு நின்னேன்.

மார்ச் 9
நான்கு பக்கத்தையும் கிழித்தேன். மனைவியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 10
காலையில் சொன்னேன். "தப்பு என்னோடது." அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, "முதல்ல கடிதத்தை முடிங்க" என்றாள்.

இப்போது சில வரிதான். உன் அப்பா வழியில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. அது உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தாலும் உன் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. படிவத்தில் 'உண்டு' என்று எழுது. ரத்தத்தைப் பார்க்கச் சொல். உனக்கு இருந்தால் மாப்பிள்ளைக்கும் உடனே பார்க்க வேண்டும். பயப்படாதே.

"பயப்படாதேங்கறத மேல போடுங்க. கடைசியில போட்டா, அங்க வர்றதுக்குள்ள பயந்து முடிச்சிருப்பா."

மேலே போட்டேன். கீழே 'உன் சித்தப்பா' என்று எழுதிப் பெயரையும் போட்டேன். உண்மையைச் சொன்னது நான்தான் என்று அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்று இத்தனை வருடம் கருவிக்கொண்டிருந்தேனே. ஆனால் பெயர் இருந்தால், இந்தத் தாளைக் கையில் வைத்திருப்பதே அவள் அப்பாவுக்கு எதிராக என் பக்கம் சேர்ந்தது போலாகிவிடும். பெயரில்லாவிட்டால் யாரோ எழுதினார்கள் என்று நேரே டாக்டரிடம் நீட்டிவிடலாம்.

"மொட்டைக் கடுதாசியா, இந்த வயசுல?" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

அடியில் இருந்த இரண்டு வரியையும் வெட்டி எடுத்துவிட்டேன். உறையில் அண்ணன் மகள் வேலை செய்யும் பள்ளியின் முகவரி. பதினொரு மணிக்குத் தபால் எடுப்பார்கள். அதற்குள் போட்டுவிடுகிறேன்.