சுல்தானுக்கு ஒரு மெழுகுவர்த்தி

நவம்பர் 3, திங்கள்

நேற்று கல்லறைத் திருநாள். காசிமேட்டில் என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ வைக்காமல், நாத்தனார் ரோசியோடு ஐதராபாத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். மனசு உறுத்தியது.

கோல்கொண்டா சுல்தான்களின் கல்லறைகளைத் தமிழ் தெரிந்த வழிகாட்டி ஒருவர் காட்டினார். அவரவர் கல்லறையை உயிரோடு இருக்கும்போதே கட்டிக்கொள்வார்களாம். கடைசி சுல்தான் மட்டும் போரில் தோற்று, சிறையில் செத்து, வேறு ஊரில் கிடக்கிறாராம். பாவமாயிருந்தது. அவருடைய மாமனார் கல்லறையாவது இங்கே இருக்கிறதே என்று அதை முந்தானையால் துடைத்து, பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தேன்.

“அம்மா, தொடாதீங்க! என் வேலை போயிடும்.”

“இம்மாம் தூசி கீதே தம்பி! வூட்டு ஆளுங்க யாரும் வர்லியா?”

“டிக்கெட் வாங்கினவங்கதாம்மா வர்றாங்க.”

ரோசி என் கையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணி, எங்கண்ணன் அங்க இருட்டுல கீறாரு. நீ இன்னாடான்னா சுல்தானோட மாமனாருக்கு ஏத்திகினு கீற!”

மெழுகுவர்த்தியைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

இன்று காலை ரயிலிலிருந்து இறங்கி நேரே காசிமேடு போய், இவருக்கு ஏற்றினேன். அந்த சுல்தானையும் நினைத்து ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். ஒரு நாள் தாமதமாக வந்து, அதிலும் பங்கு வைத்ததற்கு இவர் கோபித்துக்கொள்வார். இரண்டு பேரும் மேலே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தூக்கம் வருகிறது.