கோணல் கைலி

டிசம்பர் 18, புதன்

வலது கண்ணில் மூன்றாவது ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. சுகரால் விழித்திரை வீங்கியிருக்கிறது, விட்டால் பார்வை போய்விடும் என்று செங்கல்பட்டு டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, புதுப்பட்டினத்தில் என் கடையில் தொங்கும் கட்டம் போட்ட கைலிகளையே பார்ப்பது. முதலில் கோடெல்லாம் அலை மாதிரி நெளிந்தது. ஊசி போடப் போடக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

இன்று மதியம் புதுச் சரக்கைப் பிரித்தேன். மேலே இருந்த பச்சைக் கைலியில் கோடுகள் மறுபடியும் வளைந்து தெரிந்தன. மருந்து கைவிட்டுவிட்டது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடது கண்ணைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சோறு கொண்டுவந்த என் மனைவி நூர்ஜஹான், "இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றாள். சொன்னேன். கைலியை வாங்கி வாசல் வெளிச்சத்தில் விரித்தாள்.

"உங்க கண்ணு நல்லாத்தான் கீது. தறியிலயே கோணலா நெய்ஞ்சி வச்சிகிறான். இத்த எவன் வாங்குவான்?"

இடது கண்ணையும் திறந்தேன். அதற்கும் கோணல்தான். அல்ஹம்துலில்லாஹ்!

கட்டு முழுக்க அதே லட்சணம். நாளைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து இப்போது கட்டியிருக்கிறேன். நூர்ஜஹான் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அடுத்த தடவை இடது கண்ணையும் சோதிக்க வேண்டுமாம். சோதிக்கட்டும். இன்றைக்கு இரண்டு கண்ணுக்கும் ஒரே கோணல் தெரிந்தது. அது போதும்.